சதையா, தண்ணியா

என் கன்னம் உப்பியபோது எங்கள் தெருவே சந்தோஷப்பட்டது.

சந்தோஷப்படக் காரணம் இருந்தது. அந்த அறுவடைக்கு எங்கள் ஊர்க் கூலியாட்கள் கலத்துக்கு ஒரு படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள். தராவிட்டால் அறுக்க இறங்க மாட்டோம் என்று வரப்பில் உட்கார்ந்தார்கள். போலீஸ் வந்தது, வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார்கள், சிலருக்கு மண்டை உடைந்தது. கடைசியில் தாசில்தார் முன்னால் மிராசுதார்களும் சங்கத்துக்காரர்களும் உட்கார்ந்து பேசி, அந்த ஒரு படி கிடைத்தது. எங்கள் தெருவுக்குச் சங்கச் செயலாளர் என் அப்பா கோவிந்தராசு. கொஞ்ச நாள் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

திருவிடைமருதூரிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்தது எங்கள் ஊர். எங்கள் தெருவில் கொழுகொழு என்று ஒரு பிள்ளை இருந்ததாக யாருக்கும் நினைவில்லை. எல்லோருக்கும் விலா எலும்பை எண்ணலாம். அப்படிப்பட்ட தெருவில், கூடுதல் நெல் வீட்டுக்கு வந்த அதே மாதம், ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மலர்க்கொடியாகிய எனக்கு முகம் நிறைய ஆரம்பித்தது. அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

அப்பா வேலைக்குப் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை என் கன்னத்தைக் கிள்ளுவார். சங்கக் கொடிமரத்தடியில் நடந்த கூட்டத்துக்கு என்னைத் தோளில் தூக்கிப்போய் நடுவில் நிறுத்தினார்.

“அந்த ஒரு படி எங்க போச்சுன்னு மிராசுதாரு கேக்குறாராம். எம் பொண்ணு கன்னத்துல இருக்கு, வந்து பாக்கச் சொல்லுங்க!” என்றார்.

கை தட்டினார்கள். கை தட்டு வாங்கிய கன்னம் அது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அத்தை உப்பும் மிளகாயும் எடுத்துவந்து திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

சந்தோஷப்படாத ஒரே ஆள் என் அம்மா தனபாக்கியம். அம்மா நடவு நடுகிறவள். அதிகம் பேச மாட்டாள், பார்த்துக்கொண்டே இருப்பாள். காலையில் என் கண் இடுக்காகத்தான் திறக்கிறது என்பதையும், பொழுது சாயும்போது முகம் வடிந்து கால் கனத்துவிடுகிறது என்பதையும் அவள்தான் பார்த்தாள். பாவாடைக் கயிறு எட்டாமல் போனதும் அவளுக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

“ஏங்க, சதையில கயிறு பதிஞ்சா செத்த நேரத்துல மறைஞ்சிரும். இவளுக்கு இடுப்பச் சுத்தி குழி அப்புடியே கெடக்கு. இது சதை இல்லங்க” என்றாள் அப்பாவிடம்.

“சும்மா இரு தனபாக்கியம். புள்ள இப்பதான் சதை போட ஆரம்பிச்சிருக்கு. உன் கண்ணே பட்டுரும்.”

அம்மா சண்டை போடவில்லை. மறுநாள் வேலைக்குப் போகாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். அவள் நினைப்பது தப்பு என்று டாக்டர் வாயால் கேட்க வேண்டும் என்று அப்பாவும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

தஞ்சாவூர்ப் பெரிய ஆஸ்பத்திரி மதிலில் தேர்தலுக்குக் கறுப்பிலும் சிவப்பிலும் எழுதியது இன்னும் அழியாமல் இருந்தது. உள்ளே ஒரே கூட்டம். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு எல்லா ஜாதி அம்மாக்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அப்பாவுக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. “எல்லா எடமும் இப்புடி இருந்தா எங்க சங்கத்துக்கு வேலை இல்ல” என்று பக்கத்தில் இருந்தவரிடம் பேச்சுக் கொடுத்தார். நாங்கள் அழைக்கப்படும்போது மத்தியானம் ஆகிவிட்டது.

குழந்தைகளைப் பார்க்கிற டாக்டரம்மா இளம் வயசு. என்னை உட்காரவைத்து, என் முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல், கட்டை விரலால் அழுத்தினார். விரலை எடுத்தார். குழி அப்படியே இருந்தது, சேற்று வயலில் கால் எடுத்த இடம் போல. நாங்கள் நாலு பேரும் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“நல்லா சாப்புடுது டாக்டரம்மா. கூலி கூட்டி வாங்கினோம். அதான் சதை போட்டிருக்கு” என்றார் அப்பா.

“இது சதை இல்லைங்க. தண்ணி” என்றார் டாக்டரம்மா.

பிறகு அவர் எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். இன்று இதே நோயோடு பிள்ளையை வைத்திருப்பவர்களுக்கு அதையே நான் சொல்கிறேன். சிறுநீரகம் என்பது ஒரு சல்லடை. ரத்தத்தில் இருக்கிற கழிவை வெளியே விட்டு, சத்தை உள்ளே நிறுத்துவது அதன் வேலை. சில பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாமலே அந்தச் சல்லடையின் கண் பெரிதாகிவிடும். தூசியோடு மணியும் கொட்டுகிற மாதிரி, புரதம் என்கிற சத்து சிறுநீரோடு போய்விடும். ரத்தத்தில் அந்தச் சத்து குறைந்தால் தண்ணீர் ரத்தக்குழாயில் நிற்காது. கசிந்து போய் முகத்திலும் வயிற்றிலும் காலிலும் தேங்கும். நெஃப்ராடிக் என்று அதற்குப் பெயர். ஒட்டுகிற நோய் இல்லை. யார் செய்த பாவமும் இல்லை.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். கூட்டத்தின் நடுவில் என்னை நிறுத்திச் சொன்னதுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அன்றிலிருந்து என் கன்னத்தில் அவர் கை படவில்லை.

என்னை வார்டில் சேர்த்தார்கள். நாள் கணக்கு என்று நினைத்தது மாதக் கணக்காயிற்று. அம்மா என்னோடு இருந்தாள். அப்பா ஊருக்கும் தஞ்சாவூருக்குமாக அலைந்தார். நீர் இறங்க மாத்திரை, சல்லடையைச் சரிசெய்ய இன்னொரு மாத்திரை. இரண்டாவது மாத்திரை கசந்து தொலைக்கும். அது பொல்லாத பசியைக் கிளப்பும். ஆனால் சாப்பாட்டில் உப்பு கிடையாது. உப்பு உள்ளே போனால் தண்ணீரை உடம்பிலேயே பிடித்து வைத்துக்கொள்ளுமாம். அகோரப் பசியும் உப்பில்லாத சோறும் ஒரே தட்டில் வந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. வேறு வேடிக்கையும் நடந்தது. வீக்கம் வடிந்து என் பழைய முகம் வந்தது, வந்த கையோடு மாத்திரையின் வேலையால் கன்னம் மறுபடி உருண்டது. இந்த முறை அது தண்ணீர் இல்லை, மாத்திரையை நிறுத்தினால் சரியாகும் என்று டாக்டரம்மா சொன்னார். அப்பா தலையை ஆட்டினார், நம்பவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் என் கால்களிடம் பேசப் பழகிவிட்டார்.

எனக்கு அடுத்த கட்டிலில் ஜெயந்தி இருந்தாள். இருதயத்தில் கோளாறு, மூச்சு வாங்கும். பத்து வேலி நிலக்காரர் வீட்டுப் பெண். எங்கள் ஊர் மிராசுதாருக்குத் தூரத்துச் சொந்தம் வேறு. ஊரில் என்றால் அவள் வீட்டு வாசலைக்கூட நான் மிதித்திருக்க முடியாது. வார்டில் நாங்கள் ஒரே பல்லாங்குழிக்கு இரண்டு பக்கம் உட்கார்ந்தோம். முத்துக்களை அவள் ஏமாற்றி எடுப்பாள். நான் கேட்டுவிடுவேன்.

அந்த வார்டில் எனக்குப் பிடிக்காதது ஊசி இல்லை, பொய். “ஒண்ணுமில்ல கண்ணு, சும்மா கையக் காட்டு” என்பார்கள். காட்டியதும் இரண்டு பேர் பிடித்துக்கொள்வார்கள், ஊசி இறங்கும். “நாளைக்கி வீட்டுக்குப் போயிரலாம்” என்பார்கள். எந்த நாளைக்கு என்று சொல்ல மாட்டார்கள். எதிர்க் கட்டிலில் ஒரு சின்னப் பையன் இருந்தான். ஒருநாள் காலையில் கட்டில் காலியாக இருந்தது. “அவன் ஊருக்குப் போயிட்டான்” என்றார் நர்ஸ். அவனுடைய தகர லாரி கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. அந்த லாரியை விட்டுவிட்டு அவன் எந்த ஊருக்கும் போக மாட்டான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் யாரிடமும் கேட்கவில்லை. அன்றைக்கு எங்களுக்கு ஏற்பட்ட பயத்துக்கு அளவே இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் அழுதிருப்போம், அவ்வளவுதான். பொய் சொன்னதால் ஒவ்வொருவரும் அடுத்தது நான்தான் என்று நினைத்தோம்.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். நான் சங்கம் ஆரம்பித்தேன்.

“ஸ்டிரைக்குன்னா எங்க அப்பாவை எதுத்தா?” என்று ஜெயந்தி பயந்துபோய்க் கேட்டாள்.

“உங்க அப்பாவ எங்க அப்பா பாத்துப்பாரு. இது ஊசிய எதுத்து” என்றேன். அவள் சேர்ந்துவிட்டாள்.

எங்கள் அப்பாக்கள் வயலில் இறங்க மாட்டோம் என்றார்கள். நாங்கள் கட்டிலில் ஏற மாட்டோம் என்றோம். டாக்டர்கள் சுற்றி வருகிற நேரத்தில், நடக்க முடிந்த பிள்ளைகள் எல்லோரும் வார்டின் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டோம். ஜெயந்திக்கு மூச்சு வாங்கும் என்பதால் அவளுக்கு மட்டும் ஸ்டூல் போட்டோம். நர்ஸ்கள் அதட்டினார்கள். ஒருவரும் நகரவில்லை. ஒரு நர்ஸ் கோபத்தோடு போய், வெளியே மரத்தடியில் இருந்த என் அப்பாவைக் கூட்டிவந்தார்.

“உங்க பொண்ணப் பாருங்க! கையில கொடிதான் இல்ல. நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா?”

அப்பா மலங்க மலங்க விழித்தார். கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு என் முன்னால் குந்தினார். அது தண்ணி என்று தெரிந்த பிறகு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

“என்ன கோரிக்கை?”

“ஊசின்னா ஊசின்னு சொல்லணும். எந்தக் கையில போடுறதுன்னு நாங்கதான் சொல்லுவோம். கேட்டதுக்குப் பொய் சொல்லக் கூடாது.”

“ஸ்டிரைக்குக்கு முன்னாடி நோட்டீஸ் குடுத்தியா?”

“இல்லப்பா.”

“அது தப்பு. திடுதிப்புனு எறங்கக் கூடாது. சொல்லிட்டுத்தான் செய்யணும்.” பிறகு எழுந்து டாக்டரம்மாவைப் பார்த்து, கையைக் கட்டிக்கொண்டு, “நோட்டீஸ் குடுக்காதது எங்க தப்புங்க. ஆனா கோரிக்கை ஞாயமாத்தாங்க படுது” என்றார்.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்கு இன்றும் பிடிக்கும். அவரும் புடவையைச் செருகிக்கொண்டு தரையில் எங்களுக்கு எதிரில் உட்கார்ந்தார். சொல்லிவிட்டுத்தான் குத்துவோம், கையை நீங்களே காட்டுங்கள் என்று ஒத்துக்கொண்டார். “வேற?” என்று கேட்டார்.

“அந்தப் பையன் செத்துப்போயிட்டானா?” என்றேன்.

“ஆமாம்மா” என்றார். “எங்களால காப்பாத்த முடியல” என்றார்.

“நான் செத்துப்போவேனா?”

அம்மா என் வாயைப் பொத்த வந்தாள். டாக்டரம்மா தடுத்தார். “உன்னோட நோய் வேற, அவனோட நோய் வேற. உனக்குத் திரும்பத் திரும்ப வரும், மலர். பெரியவளா ஆகுற வரைக்கும் வந்து வந்து போகும். அப்புறம் நின்னுடும். முக்காவாசிப் பிள்ளைங்களுக்கு அப்படித்தான். வரும்போது சீக்கிரம் தெரிஞ்சா பயமில்ல” என்றார்.

அந்தப் பதில் இனிப்பானது இல்லை. ஆனால் அன்று நான் நன்றாகத் தூங்கினேன். அதன் பிறகு ஊசிக்கு இடது கையை நானே நீட்டினேன். வலி குறைந்துவிடவில்லை, பயம்தான் குறைந்தது. பேர் சொல்லிக் கேட்டுவிட்டு வருகிற வலியைப் பிள்ளைகள் தாங்கிக்கொள்ளும். திருட்டுத்தனமாக வருகிற வலியைத்தான் தாங்காது. முப்பத்தைந்து வருஷம் வாத்தியார் வேலையில் பிள்ளைகளோடு கிடந்தவள் சொல்கிறேன்.

சீக்கிரம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். அதற்கும் வழி இருந்தது. காலைச் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, மேல்பாகத்தை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்டிச் சூடாக்க வேண்டும். காடி நெடி அடிக்கிற ஒரு திரவத்தைச் சில சொட்டு விட வேண்டும். தெளிவாக இருந்தால் சல்லடை ஒழுங்காக இருக்கிறது. கஞ்சித் தண்ணீர் போல வெளுத்தால் சத்து ஒழுகுகிறது. மூன்று காலை தொடர்ந்து வெளுத்தால் நோய் திரும்பிவிட்டது, உடனே வர வேண்டும். முகம் உப்புவதற்கு முன்பே குழாய் சொல்லிவிடும். “இதை நானே பாக்குறேன்” என்றேன். என் கையில் குழாயைக் கொடுத்தார்கள். என் உடம்புக்குள் நடப்பதை என் கண்ணால் பார்த்த அந்தக் காலை எனக்கு வந்த பெருமையை, பிற்பாடு டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்தபோதுகூட அடையவில்லை.

குழாயோடும் விளக்கோடும் வீட்டுக்கு வந்தோம். வந்த பிறகுதான் எனக்கு உண்மையான ஜெயில் ஆரம்பித்தது.

பள்ளிக்கூடத்துக்குப் போகலாம் என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பினார். அப்பா காதில் அது விழவில்லை. வெயில் கூடாது, தண்ணியில் கால் வைக்கக் கூடாது, யாரோடும் ஓடக் கூடாது, பள்ளிக்கூடம் அப்புறம் பார்க்கலாம். தினமும் விடிந்ததும் என் காலை மடியில் எடுத்து வைத்துக் கட்டை விரலால் அழுத்துவார். விரலை எடுத்துவிட்டுக் குனிந்து பார்ப்பார். குழி விழாது. ஆனாலும் அன்றைக்கும் விட மாட்டார். போலீஸ் தடிக்கு முன்னால் வரப்பில் உட்கார்ந்த மனுஷர் என் காலுக்கு முன்னால் நடுங்கினார். என் வகுப்புப் பிள்ளைகள் வாசல் வழியாகப் பையைத் தூக்கிக்கொண்டு போவதை நான் உள்ளே இருந்து பார்ப்பேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அவர்களோடு போக வேண்டும். நோயோடு என்றாலும் போக வேண்டும்.

உப்பு விவகாரம் இந்தச் சமயத்தில்தான் வெடித்தது. எனக்கு மட்டும் அம்மா தனிச் சட்டியில் சமைப்பாள். ஒருநாள் நடு மத்தியானம் இரண்டு பேர் அப்பாவைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். வயலில் கெண்டைக்கால் சதை இரண்டும் முறுக்கி, மயங்கி விழுந்துவிட்டாராம். அம்மா நீராகாரத்தில் உப்பைக் கரைத்துக் கொடுத்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். அப்போதுதான் தெரிந்தது, நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அந்த மனுஷர் உப்பைத் தொடவே இல்லை. அம்மா மடித்துக் கொடுக்கிற உப்பை வரப்பில் தட்டிவிட்டு வெறும் கஞ்சியைக் குடித்திருக்கிறார், வீட்டில் வாய்க்குப் பிடிக்கவில்லை என்று குழம்பை ஒதுக்கியிருக்கிறார்.

“புள்ளைக்கி இல்லாதது எனக்கு எதுக்கு?” என்றார்.

எல்லோருக்கும் இல்லாவிட்டால் யாருக்கும் இல்லை என்பது சங்கத்து நியாயம். ஆனால் நாள் முழுக்க வெயிலில் வேர்வை சிந்துகிறவன் உடம்பு சங்கத்தில் சேராது. அம்மா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. என் நோயை இவர் ஏன் எடுத்துக்கொள்கிறார்? அது என்னுடையது. நான் அதைப் பார்த்துக்கொள்கிறேன். எனக்குப் பங்கு வேண்டாம், பள்ளிக்கூடம்தான் வேண்டும்.

அவர் தெளிந்து எழுந்து உட்கார்ந்ததும் முன்னால் போய் நின்றேன்.

“அப்பா, நோட்டீஸ் குடுக்குறேன். நாளைக் கழிச்சு மறுநாள்லேருந்து நான் சாப்புட மாட்டேன்.”

“என்னடி இது?”

“திடுதிப்புனு எறங்கக் கூடாதுன்னு நீதான சொன்ன. அதான் முன்னாடியே சொல்றேன்.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “என்னயப் பாத்தா? நோட்டீஸ் வந்திருக்கு, கூப்புட்டுப் பேசுங்க” என்றாள். அவளுக்குள் ஒரு தாசில்தார் இருந்தது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

பேசினோம். அம்மா நடுவில் உட்கார்ந்தாள். அப்பா உப்புப் போட்டுச் சாப்பிட வேண்டும் என்றேன். ஒத்துக்கொண்டார். நான் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்றேன். ரொம்ப நேரம் இழுத்தடித்தார். தினமும் குழாயைப் பார்ப்பேன், வெளுத்தால் நானே வந்து சொல்வேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

“மறைச்சிட்டா?” என்றார்.

“பொய் சொல்லக் கூடாதுன்னு ஸ்டிரைக் பண்ணதே நாந்தான்.”

அதற்குப் பிறகு இறங்கிவந்தார். காலை மட்டும் தினமும் அழுத்திப் பார்ப்பேன் என்றார். சரி என்றேன். எழுந்திருக்கப் போனவரை நிறுத்தி, கடைசியாக ஒன்று கேட்டேன்.

“முன்ன மாதிரி கன்னத்தக் கிள்ளணும்.”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். “அது மட்டும் என்னால முடியாதும்மா. விட்டுடு” என்றார்.

எல்லாப் பேச்சுவார்த்தையிலும் ஒன்று நிலுவையில் நிற்கும். எங்களுக்கு அது நின்றது.

பள்ளிக்கூடத்தில் என் வட்ட முகத்தைப் பார்த்துப் பூசணிக்காய் என்று பெயர் வைத்தார்கள். மாத்திரையால் வந்தது, மாத்திரை நின்றால் போய்விடும், உனக்கு மாத்திரை இல்லாமலே மூஞ்சி இப்படி இருக்கிறதே என்று திருப்பிக் கேட்டேன். பெயர் போயிற்று. மற்றவர்கள் மாதிரியே நொண்டி விளையாடினேன், அடி வாங்கினேன், அடித்தேன். நோயாளிப் பிள்ளைகள் சீக்கிரம் பெரிய மனுஷி மாதிரி ஆகிவிடும் என்று பரிதாபமாகச் சொல்வார்கள். நான் அப்படி ஒன்றும் ஆகவில்லை. சின்னப் பெண்ணாகவே இருந்தேன், கூடுதலாக ஒரு வேலை பார்த்தேன், அவ்வளவுதான்.

முதல் வருஷப் பரீட்சையை வார்டிலேயே விட்டிருந்தேன். மறுபடி படித்த ஐந்தாம் வகுப்புக்குப் பரீட்சை வந்தது. பாஸானால் திருவிடைமருதூர்ப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாக அப்பா சொல்லியிருந்தார். பரீட்சைக்கு முந்தைய வாரம் ஒருநாள் காலையில் குழாய் லேசாக மங்கியது. விளக்கைச் சரியாகக் காட்டவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் வெளுத்தது. அதற்கு அடுத்த நாளும் வெளுத்தது. முகம் உப்பவில்லை. கால் நன்றாக இருந்தது. அப்பா அன்றைக்கும் அழுத்திப் பார்த்துவிட்டு, குழி இல்லை என்று நிம்மதியாக எழுந்து துண்டை உதறினார். பரீட்சை முடிகிற வரைக்கும் நான் வாயைத் திறக்காமல் இருந்தால் உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. குழாயைக் கையில் வைத்துக்கொண்டு கொல்லையில் நின்றேன்.

“அப்பா, வெளுத்திருச்சு. போவணும்” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார். “ஒண்ணும் தெரியலையே. நாளன்னிக்கிப் பரீட்சையாச்சே” என்றார். என் உடம்பைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்காக அவர் பேசியது அதுதான் முதல்முறை. நான் குழாயை நீட்டினேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் சட்டையை மாட்டினார்.

டாக்டரம்மா குழாயைத் தானும் ஒருமுறை பார்த்தார். “திரும்பிடுச்சு. ஆனா நல்ல சமயத்துல வந்துட்டீங்க. வீக்கமே வரல. பாதி கஷ்டம் மிச்சம். யாரு கவனிச்சது?” என்று கேட்டார். அப்பா என்னைக் காட்டினார். “இவங்கதாங்க” என்றார். என்னைப் பார்த்து இவங்க என்று முதலில் சொன்னவர் என் அப்பாதான்.

பரீட்சை போயிற்று. அந்த வருஷமும் போயிற்று. வார்டில் கட்டிலில் படுத்துக்கொண்டு அதற்காக அழுதேன். ஜெயந்தியும் மறுபடி வந்து சில கட்டில் தள்ளி இருந்தாள். இந்த முறை பல்லாங்குழியில் எனக்காக வேண்டுமென்றே தோற்றாள். வீட்டுக்கு வந்த மறுநாள் விடிந்ததும் வழக்கம்போலக் காலை அப்பா மடியில் வைத்தேன். அவர் எடுத்துக் கீழே வைத்துவிட்டார்.

“இனிமே நான் அமுக்க மாட்டேன். நீ சொன்னாப் போதும்” என்றார்.

ஐந்தாம் வகுப்பை மூன்று முறை படித்தவள் நான். அந்த வகுப்பில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அதன் பிறகும் நோய் வந்து வந்து போயிற்று. ஒவ்வொரு முறையும் குழாய்தான் முதலில் சொன்னது, அடுத்து நான் சொன்னேன், அப்பா சட்டையை மாட்டினார். நெஞ்சளவு தண்ணீரில் ஆறு போனபோது தோளில் தூக்கிப்போய்க் கரை சேர்த்திருக்கிறார். அறுவடை நடுவில் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார். ஒருமுறைகூட நிஜமா என்று கேட்டதில்லை. ஜெயந்திக்குப் பிற்பாடு இருதயத்தில் ஆபரேஷன் ஆயிற்று. பிழைத்துக்கொண்டாள். இப்போதும் போனில் சண்டை போடுகிறோம்.

பெரியவளாகும்போது நின்றுவிடும் என்று டாக்டரம்மா சொன்னது பலித்தது. ஆசிரியர் பயிற்சிக்கு நான் ஹாஸ்டலில் சேர்வதற்குள் மாத்திரை முழுவதும் நின்று, குழாய் மாதக்கணக்காகத் தெளிந்தே இருந்தது. ஹாஸ்டலில் உப்புப் போட்ட சாப்பாடு. ஊறுகாய் வேறு. நான் சாப்பிட்ட சாப்பாட்டை வார்டன் அம்மா நின்று வேடிக்கை பார்ப்பார். பொங்கலுக்கு ஊருக்கு வந்து பஸ்ஸைவிட்டு இறங்கினேன். அப்பா எனக்காகச் சாலையில் காத்திருந்தார்.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிவிட்டது. எனக்குக் காரணம் புரிந்தது. பல மாதம் கழித்துப் பார்க்கிறார். என் கன்னம் இரண்டும் திரண்டு உருண்டு இருந்தன. என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். தெரு முனை, கொடிமரம் எல்லாம் வந்துவிட்டது. கொடிமரத்தடியில் நின்றார். என் காலைப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்தார்.

“மலரு, சதையா, தண்ணியா?”

“சதைதாம்ப்பா” என்றேன்.

பையைக் கீழே வைத்தார். கதிர் அரிவாள் பிடித்துக் காய்த்த அந்தக் கை கொஞ்ச நேரம் காற்றிலேயே நின்றது. பிறகு என் கன்னத்தைப் பிடித்து ஒரு கிள்ளு கிள்ளினார். உயிர் போகிற மாதிரி வலித்தது. அப்படியே பிடித்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் திரும்பி, தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

“ஏ தனபாக்கியம்! ஓடியா! சதைதான்!”